ராத்திரியில் அணைந்துபோகும் விறகு பாய்லர்: காலைச் சாம்பலைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

கோத்தகிரியில் டிசம்பர் மாதம், காலை ஐந்தரை மணி. முதல் இரண்டு அறைக்காரர்கள் குளித்து முடித்துவிட்டார்கள், மூன்றாமவர் போன் செய்து "சார், பச்சத்தண்ணிதான் வருது" என்கிறார். நேற்று ராத்திரி பத்து மணிக்கு பாய்லர் வாய் நிறைய விறகு அடுக்கிவிட்டுத்தான் படுத்தேன். போர்வையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் பாதி விறகு கறுத்துப்போய் அப்படியே கிடக்கிறது, உள்சுவரெல்லாம் தார், தணல் ஒரு பொட்டு கூட இல்லை. ஆறு அறை வைத்த சின்ன ஹோம்ஸ்டேவில் இதே கதை ஒரு மாதம் நடந்தது.

நான் சொல்வது சாதாரண வெந்நீர் பாய்லர் பற்றி இல்லை, கேசிஃபிகேஷன் பாய்லர். மேலே விறகு அடுக்கும் அறை, கீழே எரியும் அறை, நடுவில் தீக்கல்லில் செய்த ஒரு துளை, அதை நாசில் என்பார்கள். மேலே விறகுக்குக் காற்றைக் குறைவாகக் கொடுத்தால் அது முழுசாக எரியாமல் வாயுவைக் கக்கும். ஃபேன் அந்த வாயுவை நாசில் வழியாகக் கீழே தள்ளும், அங்கே இரண்டாவது காற்று சேர்ந்து ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் எரியும். நன்றாக ஓடும்போது சிமினியில் புகையே தெரியாது, கீழ்க்கதவுக்குப் பக்கத்தில் காதை வைத்தால் 'ஹோ' என்று ஒரே சீராக இரைச்சல் கேட்கும். புகை வந்தால் வாயு எரியாமல் போகிறது என்று அர்த்தம், அதாவது உங்கள் விறகுக் காசு வானத்துக்குப் போகிறது.

என்னுடையது 25 கிலோவாட், வெளிநாட்டில் செய்தது, கோவையில் ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். பொருத்த வந்தவர் "ராத்திரி ஃபுல்லா அடைச்சுட்டுத் தூங்குங்க சார், காலைல வரைக்கும் நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தால் நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. கடைசியில் தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணனைக் கூட்டி வந்தேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "காலைல தொறந்தப்ப உள்ள என்ன பாத்த தம்பி?" என்று கேட்டார். "ஒண்ணும் பாக்கலண்ணா, கிளறிவிட்டு மறுபடி பத்த வச்சேன்" என்றேன். "அப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. நாளைக்குக் கிளறாம என்னைக் கூப்பிடு."

கீழே வருவதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து நான் கட்டிக்கொண்ட முறை.

முதலில் உயிருக்குப் பாதுகாப்பு

அணைந்ததுபோலத் தெரியும் பாய்லருக்குள் எரியாத வாயு தேங்கி நிற்கலாம். சட்டென்று கதவைத் திறந்தால் உள்ளே காற்று பாய்ந்து, எங்கோ ஒரு கங்கு இருந்தாலும் போதும், குப்பென்று தீ முகத்துக்கு வரும். என் புருவம் ஒருமுறை போயிருக்கிறது. எனவே முதலில் ஃபேனை நிறுத்துங்கள், புகையை நேராகச் சிமினிக்கு விடும் பைபாஸ் தகட்டைத் திறங்கள், ஒரு நிமிஷம் பொறுங்கள். அப்புறம் கதவை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்து, பிறகு முழுசாகத் திறங்கள், முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு.

இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றிக் குளிர்காலத்தில் மலையில் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார். புகைந்து புகைந்து அணையும் பாய்லரும் அதே வாயுவைத்தான் கக்குகிறது. பாய்லர் அறை படுக்கை அறையோடு ஒட்டி இருக்கக் கூடாது, காற்றோட்டத்துக்கு அடைக்க முடியாத ஒரு ஜன்னலாவது வேண்டும், பக்கத்து அறையில் ஒரு சிஓ அலாரம் மாட்டுங்கள்.

கிளறாமல் பாருங்கள்

காலையில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், செல்போனில் ஒரு படம் எடுங்கள். கூடவே மூன்று எண்களை நோட்டில் எழுதுங்கள்: பாய்லர் சூடு, பாய்லரின் வெந்நீரைச் சேர்த்துவைக்கும் டாங்க்கின் மேல்பக்கச் சூடு, கீழ்ப்பக்கச் சூடு. டாங்க்கில் மீட்டர் இல்லையென்றால், அதிகபட்ச சூட்டை நினைவில் வைத்துக்கொள்ளும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, அதன் கம்பி முனையைக் காப்புப் போர்வைக்கு அடியில் சொருகிவிட்டால் போதும்.

பெரும்பாலும் நான்கு காட்சிகளில் ஒன்றுதான் இருக்கும். விறகு பாதி கறுத்து நிற்கிறது, சுவர் பளபளவென்று தார், பாய்லர் ராத்திரி உச்ச சூட்டைத் தொட்டிருக்கிறது என்றால் சூடு போக இடமில்லாமல் அணைந்திருக்கிறது. விறகு மேலே பாலம் மாதிரி நிற்க, அடியில் நாசிலுக்கு மேல் குகை போல வெற்றிடம் இருந்தால் விறகு இறங்காமல் சிக்கியிருக்கிறது. எல்லாக் கட்டையும் கரிந்தும் கரியாமலும் இருந்து, கதவோரம் தண்ணீர் மாதிரி பழுப்பு நீர் வடிந்து, புளிப்பு வாசம் அடித்து, பாய்லர் கடைசிவரை 60 டிகிரியைத் தாண்டவே இல்லை என்றால் ஈர விறகை முதலில் சந்தேகப்படுங்கள், அடுத்து காற்றை. நான்காவது, விறகே மிச்சமில்லை, சாம்பல் மட்டும், ஆனால் டாங்க் ஆறிப்போயிருக்கிறது. இதில் அடுப்பு தன் வேலையை முடித்துவிட்டது, சூடு வேறு எங்கோ போயிருக்கிறது.

எத்தனை மணிக்கு அணைந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய செல்போன் ஒன்றை பவர் பேங்க்கோடு பாய்லரின் மீட்டருக்கு எதிரே நிறுத்தி டைம்லாப்ஸ் ஓடவிட்டேன். மறுநாள் பார்த்தால் 11 மணி 10 நிமிஷத்துக்கு பாய்லர் 80-ஐத் தொட்டது, ஃபேன் விளக்கு அணைந்தது. அப்புறம் நடுநடுவே ஐந்து நிமிஷம் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து, ஒன்றே முக்காலுக்கு மேல் ஃபேன் ஓடியும் முள் ஏறவே இல்லை. அதைப் பார்த்த அண்ணன் சிரித்தார். "அடுப்பு தானா அணையல தம்பி, நீ அணைச்சிருக்க."

சூடு போக இடமில்லை: என் கதையும், பெரும்பாலானவர்கள் கதையும்

இதில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பயப்பட வேண்டாம், கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்.

நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4 யூனிட் சூடு. பாய்லரின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் தண்ணீருக்குப் போவது 3.2 யூனிட். 1000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் வேண்டும். இப்போது என் நிலைமையைப் பாருங்கள். 500 லிட்டர் டாங்க், 40 டிகிரியிலிருந்து 80 வரை ஏற்றினால் அது பிடிப்பது 23 யூனிட். வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மணிக்கு ஒரு 3 யூனிட் இழுக்கும். நான் அடைத்த விறகோ 30 கிலோ, அதாவது 96 யூனிட். 25 கிலோவாட் பாய்லர் ஒரு மணி நேரத்தில் டாங்க்கை நிரப்பிவிடும். அதுவரை 8 கிலோ விறகுதான் எரிந்திருக்கும். மிச்சம் 22 கிலோ பழுக்கக் காய்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அதன் சூட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தெர்மோஸ்டாட் ஃபேனை நிறுத்துகிறது. காற்று இல்லாத விறகு புகைந்து தார் விடுகிறது, கரிப்படுக்கை மெல்ல மெல்லக் குளிர்கிறது. ரேடியேட்டர் கொஞ்சம் சூட்டை இழுத்ததும் ஃபேன் மறுபடி எழுகிறது. இப்படி நாலைந்து தடவை போனால் ஒரு கட்டத்தில் வாயு பற்றிக்கொள்ளும் அளவுக்குக் கீழே சூடு இருக்காது. கதை முடிந்தது.

இந்த வகை பாய்லர் ராத்திரி முழுக்க மெதுவாக எரிவதற்காகச் செய்ததே இல்லை. நம் பாட்டிமார் உமி அடுப்பை மூடி வைத்துக் காலையில் கங்கு எடுப்பார்களே, அந்தப் பழக்கத்தை இதில் கொண்டுவந்தால் வேலைக்கு ஆகாது. இதை இரண்டு மூன்று மணி நேரம் முழு மூச்சாக எரித்து, சூட்டை டாங்க்கில் போட்டுவிட்டு, அடுப்பை அணையவிட வேண்டும். ராத்திரி அறைகளைக் காப்பது டாங்க்கின் வேலை.

சரி, செய்ய வேண்டியது என்ன? படுக்கும் முன் டாங்க் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று பாருங்கள், அதற்குத் தேவையான யூனிட்டோடு எரியும் நேரத்தில் வீடு இழுப்பதையும் கூட்டி 3.2-ஆல் வகுங்கள். வரும் கிலோவுக்கு மேல் ஒரு கட்டை கூடப் போடாதீர்கள். ஒரு வாரம் தராசில் நிறுத்துப் போட்டால் அப்புறம் கை பழகிவிடும். நான் இன்னொரு 500 லிட்டர் டாங்க்கைத் தொடராக இணைத்தேன். இப்போது 40-லிருந்து 80 வரை 46 யூனிட், இரண்டு மணி நேர எரிப்பில் ரேடியேட்டருக்கு 6, ஆகமொத்தம் 52, அதாவது 16 கிலோ விறகு. பத்தரைக்குள் எரிந்து முடிகிறது. அதன் பிறகு காலைவரை ரேடியேட்டர் 18 யூனிட்டோ 21 யூனிட்டோ எடுத்தாலும் டாங்க்கில் 60 டிகிரிக்கு மேல் நிற்கிறது, ஆறு அறைக்கும் குளிக்கப் போதும்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் பாய்லர் 80, டாங்க் 45 என்று நின்றால் சூடு வழியில் மாட்டியிருக்கிறது. பம்ப் ஓடுகிறதா, குழாயில் காற்று அடைத்திருக்கிறதா, பாய்லருக்கும் டாங்க்கிற்கும் நடுவில் உள்ள தெர்மோஸ்டாட் வால்வு திறக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். இந்த வால்வு எதற்கென்றால், 55 டிகிரிக்குக் கீழான தண்ணீர் பாய்லருக்குத் திரும்பிவிடக் கூடாது, திரும்பினால் உள்ளே தாரும் ஈரமும் படிந்து இரும்பை அரிக்கும். மூடிய நிலையில் சிக்கினால் பாய்லர் கொதிக்க, டாங்க் குளிரும். திறந்த நிலையில் சிக்கினால் நேர்மாறாக, பாய்லர் ராத்திரி முழுக்கச் சூடே ஏறாமல் தார் கட்டி அணையும், பார்ப்பதற்கு ஈர விறகுப் பிரச்சினை போலவே இருக்கும். வால்வின் மூன்று குழாய்களையும் கையால் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், சுடும் என்பதால் புறங்கையால்.

மலைக்கே உரிய ஒரு விஷயம். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் கோத்தகிரியில் சுமார் 94-லேயே கொதித்துவிடும், ஊட்டியில் 93-க்கும் கீழே. சூட்டில் பெருகும் தண்ணீர் ஏற மேலே திறந்த தொட்டி வைத்த அமைப்பில் சமவெளிக்காரர் சொன்னபடி 90 என்று செட் செய்து வைக்காதீர்கள், 80 போதும்.

விறகு பாலம் கட்டுவது

நாசிலுக்கு மேலே எப்போதும் கரியும் கங்கும் சேர்ந்த படுக்கை இருக்க வேண்டும், மேலே உள்ள விறகு இறங்கி இறங்கி அதை நிரப்ப வேண்டும். கோணலும் மாணலுமான கட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் அடியில் எரிந்து குகையாகிவிடும், மேலே உள்ளது அப்படியே தொங்கும். வாயுவுக்குப் பதில் வெறும் காற்று நாசிலுக்குள் போகும், அவ்வளவுதான்.

நம் ஊரில் இதற்கு முதல் குற்றவாளி தேயிலைக் கட்டை. பழைய செடியைப் பிடுங்கும்போது மலிவாகக் கிடைக்கிறது, கனமான கட்டை, நின்று எரியும், ஆனால் ஒரு துண்டு கூட நேராக இருக்காது. அதைத் தனியாக அடுக்கினால் நிச்சயம் பாலம் கட்டும். நான் அதைக் கையளவு துண்டுகளாக அறுத்து, நேரான விறகுக்கு நடுவே கொஞ்சமாகச் செருகுகிறேன். கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில்), சில்வர் ஓக் எல்லாம் பிளந்தால் நேராக வரும். சைப்ரஸும் பைனும் சீக்கிரம் எரிந்து முடியும், கரி நிற்காது, பற்றவைக்க மட்டும் நல்லது.

நீளம் அறையைவிட நாலைந்து சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும், இரு பக்கமும் முட்டினால் அதுவே பாலம். தடிமன் 8-லிருந்து 15 சென்டிமீட்டர். பிளக்காத உருளைக் கட்டை வேண்டாம், அதன் பட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும். எல்லாம் ஒரே திசையில், குறுக்கே ஒன்று கூட இல்லாமல். முக்கியமாக, சுள்ளியும் சிராயும் போட்டுக் கரிப்படுக்கை ஒரு கை உயரத்துக்கு வந்த பிறகே பெரிய விறகு. வெறும் நாசில் மேல் பெரிய கட்டையை வைத்துவிட்டு "பிடிக்கவே மாட்டேங்குது" என்று புலம்பிப் பயனில்லை.

கற்பூர மரத்தின் உரிந்த பட்டை நீள நீளமாக வருமே, அதைப் பற்றவைக்கப் போடுவார்கள். தப்பில்லை, ஆனால் எரியாத பட்டை ஒரு துண்டு நாசில் வாயில் மூடி போல உட்கார்ந்து எனக்கு இரண்டு ராத்திரி போயிருக்கிறது.

ஈர விறகு: பனிமூட்டத்தில் காய்ந்த விறகும் ஈரமாகும்

20 சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள விறகில் இந்த பாய்லர் ஓடவே ஓடாது என்று சொல்ல மாட்டேன், பகலில் நீங்கள் பக்கத்தில் இருந்து கவனித்தால் ஓடும். ராத்திரி ஆளில்லாமல் ஓடாது. ஈரத்தை ஆவியாக்கவே கொஞ்சம் சூடு போய்விடும், வாயுவிலும் நீராவி கலந்து பற்றாது.

ஈரமானியை விறகின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்து 14 என்று திருப்திப்படுபவர்கள்தான் அதிகம். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தின் நடுவில் குத்துங்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. ஈரமானிகள் காட்டும் சதவீதம் பொதுவாக உலர்ந்த மரத்தின் எடைக்கு எதிரானது, விறகுக்காரர்களும் பாய்லர் புத்தகங்களும் சொல்வது மொத்த எடையில் எவ்வளவு தண்ணீர் என்பது. மீட்டரில் 25 வந்தால் மொத்த எடைக் கணக்கில் 20. அந்த வகையில் மீட்டர் கொஞ்சம் பயமுறுத்தும், பரவாயில்லை, மீட்டரில் 20-க்குக் கீழே வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கிலும் தப்பாது.

இப்போது மலையின் சிக்கல். மரம் எவ்வளவு காய்ந்திருந்தாலும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமரசம் செய்துகொள்ளும். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதமாக நாள்கணக்கில் நின்றால், திறந்த கொட்டகையில் உள்ள விறகு மறுபடி 20-ஐ ஒட்டி வந்துவிடும். கோத்தகிரியில் நமக்கு தொட்டபெட்டா மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை அவ்வளவு அடிக்காது, ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை வாட்டிவிடும். கூடலூர்ப் பக்கம் தலைகீழ், ஜூன் தொடங்கினால் அவர்கள் விறகு நனைந்ததுதான். எனவே கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஜனவரியிலிருந்து மே வரைதான் விறகு காயும் காலம். அதற்குள் காயாத விறகை நவம்பரில் நம்பாதீர்கள்.

கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்தபின் ஆப்பு வைத்தாலும் கோடாலிதான் திரும்பி வரும், நார் முறுக்கிக்கொள்ளும். பிளந்து, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்கள் திறந்தபடி அடுக்குங்கள். தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினால் விறகு உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். ஐந்தாறு கட்டைகளின் முனையில் எடையைக் கரியால் எழுதி வைத்து மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் அந்த இடத்தில் அதற்கு மேல் காயாது. மழை மாதத்தில் மூன்று நாளுக்கான விறகை பாய்லர் அறைக்குள், பாய்லரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, கொண்டுவந்து வைக்கிறேன். அந்தச் சூட்டில் மேலீரம் போய்விடும், உள்ளீரம் போகாது, அதை எதிர்பார்க்கக் கூடாது.

விறகு வாங்கும்போது ஒரு வார்த்தை: சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் நீலகிரியில் வெட்ட அனுமதி வேண்டும், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சோலை மரம் என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

காற்று: உள்ளே வருவதும் வெளியே போவதும்

விறகும் கணக்கும் சரி, அப்போதும் சோம்பலாக எரிகிறது என்றால் பாய்லரை முழுசாக ஆறவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.

மேல் அறையின் சுவரில் முதல் காற்று வரும் சின்னத் துளைகள் இருக்கும், தார் வழிந்து அடைத்துக்கொள்ளும். கம்பியால் குத்தித் திறங்கள். கீழறையில் சாம்பல் நாசில் வாய்வரை ஏறியிருந்தால் தீ நாக்கு நீட்ட இடமில்லை, அள்ளுங்கள். பின்பக்கக் குழாய்களில் படிந்த கரியைப் பிரஷ் போட்டு இழுங்கள். ஃபேன் இறக்கையை மறந்துவிடாதீர்கள், அதன் வளைவுக்குள் விரல் கனத்துக்குக் கரி சேர்ந்தால் சத்தம் அதே மாதிரி வரும், காற்று வராது.

பைபாஸ் தகடு சரியாக மூடுகிறதா என்பது பலர் பார்க்காத இடம். அதன் விளிம்பில் தார் கட்டி அரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாலும் வாயு கீழே போகாமல் குறுக்கு வழியில் சிமினிக்கு ஓடிவிடும். கதவு விளிம்பில் காற்று புகாமல் அடைக்கும் கயிற்றுக்கு ஒரு எளிய சோதனை: பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எல்லாப் பக்கமும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், ஓரிடத்தில் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே ராத்திரி முழுக்கக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகப்போகிறது.

பிறகு உயரம். 1800 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைப்போல ஐந்தில் நான்கு பங்குதான். ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ளினாலும் அதில் ஆக்சிஜன் அந்த விகிதத்தில் குறைவு. சமவெளிக்கோ வெளிநாட்டுக்கோ ஏற்றபடி காற்று வரும் வாயைக் கூட்டிக் குறைக்கும் தகட்டுக்குக் கம்பெனியில் வைத்த அளவு இங்கே பற்றாது. முதல் காற்றை ஒரு நாளைக்குக் கொஞ்சமாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும், திறந்து பாருங்கள். புகைக்குழாயில் சூட்டைப் பார்த்தபடி செய்ய வேண்டும்: 150-லிருந்து 200 டிகிரி நல்ல ஓட்டம், 250-ஐத் தாண்டினால் காற்று அதிகம் அல்லது குழாய்கள் கரி பிடித்திருக்கின்றன.

புகைக்குழாயில் ஒரு சென்சார் இருக்கும் மாடல்களில் இன்னொரு வேடிக்கை நடக்கும். புகை ஒரு அளவுக்குக் கீழே ஆறினால் 'விறகு தீர்ந்துவிட்டது' என்று எண்ணி ஃபேனை நிறுத்துவது அதன் வேலை. சென்சார் முனையில் கரி தடிப்பாகப் படிந்தாலோ, செட்டிங் அதிகமாக இருந்தாலோ, விறகு பாதி இருக்கும்போதே நிறுத்திவிடும். முனையைத் துணியால் துடைத்து, செட்டிங்கைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள்.

கரண்ட்

மழைக்காலத்தில் ஒரு மரம் கம்பி மேல் விழுந்தால் போதும். ஃபேனும் நிற்கும், பம்ப்பும் நிற்கும். கரண்ட் இருபது நிமிஷத்தில் திரும்பினாலும் சில பாய்லர்களில் யாராவது பட்டனை அமுக்கினால்தான் ஃபேன் மறுபடி ஓடும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். டைம்லாப்ஸ் படத்தில் மீட்டர் விளக்கும் சேர்ந்து அணைந்திருந்தால் காரணம் இதுதான்.

ஃபேனும் பம்ப்பும் சேர்ந்து 100-லிருந்து 150 வாட் இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலே ஆறேழு மணி நேரம் தாங்கும். குறைந்தபட்சம் பம்ப்பையாவது இன்வெர்ட்டரில் போடுங்கள், ஏனென்றால் முழு விறகோடு பம்ப் நின்றால் அணைவதைவிட மோசமானது கொதிப்பது. சேஃப்டி வால்வும், திறந்த தொட்டிக்குப் போகும் குழாயும் அடைபடாமல் இருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். உறைபனி விழும் ஊட்டி, எமரால்டு பக்கமாக இருந்தால் கூரைமேல் உள்ள தொட்டிக் குழாய்க்குக் காப்பு சுற்றுவது கட்டாயம்.

சாம்பல்தான் மிச்சம், டாங்க் மட்டும் ஆறியிருக்கிறது

இது சின்ன விஷயம். பம்ப் நின்ற பிறகு டாங்க்கின் சுடுநீர் தானாகவே மேலெழுந்து, ஆறிப்போன பாய்லருக்குள் சுற்றி, சிமினி வழியாகச் சூட்டை வெளியே விடும். நடுராத்திரியில் பாய்லர் குழாயைத் தொட்டுப் பாருங்கள், நெருப்பு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்தும் சுடச்சுட இருந்தால் தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு வேலை செய்யவில்லை அல்லது வைக்கவே இல்லை. சில நூறு ரூபாய் வேலை.

எந்த வரிசையில் செய்வது

ஒரு ராத்திரிக்கு ஒரு மாற்றம் மட்டும். நான் முதலில் ஒரே நாளில் விறகை மாற்றி, காற்றைத் திறந்து, வால்வையும் கழற்றி மாட்டினேன், மறுநாள் நன்றாக ஓடியது, எதனால் என்று இன்றுவரை தெரியவில்லை, நாலு நாளில் மறுபடி அணைந்தது. முதல் ராத்திரி எதையும் தொடாமல் எண்களை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் ராத்திரி விறகை நிறுத்துப் போடுங்கள். மூன்றாம் ராத்திரி நல்ல காய்ந்த விறகு, ஒரே அளவில் பிளந்தது, கடன் வாங்கியாவது. இந்த மூன்றிலேயே பெரும்பாலும் விடை வந்துவிடும். வராவிட்டால்தான் ஞாயிற்றுக்கிழமைச் சுத்தமும் காற்றுத் தகடும் வால்வும்.

எல்லாம் பார்த்தும் கீழறைத் தீ மஞ்சளாக, ஒரு பக்கமாகச் சாய்ந்தே எரிகிறது என்றால் நாசில் கல்லைப் பாருங்கள். மயிரிழை விரிசல் எல்லா நாசிலிலும் வரும், அதற்குக் கவலை வேண்டாம். துளையின் விளிம்பு உதிர்ந்து அகலமாகியிருந்தாலோ, கல் இரண்டாகப் பிளந்து நடுவில் சாம்பல் இறங்கினாலோ மாற்றத்தான் வேண்டும். கட்டிட சிமெண்ட் பூசி ஒட்டவைக்கலாம் என்று கொத்தனார் சொல்வார், என்னிடமும் சொன்னார், மூன்று நாளில் பொடிப்பொடியாக விழுந்தது. புதுக்கல் வர எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை பகலில் மட்டும் பக்கத்தில் இருந்து சின்னச் சின்னதாக எரித்து, காலைக் குளியலுக்குப் பழைய தாமிர வெந்நீர் பாய்லரைப் பரணிலிருந்து இறக்கிவைத்துச் சமாளித்தேன்.